வேலிக்கு மேலே ஓர் அகப்பை

சும்மா ஓடுகிற காட்சியை எனக்குப் பிடிக்காது. ஆட்கள் போன பிறகும் படத்தில் வெறும் கதவைக் காட்டிக்கொண்டிருந்தால், "சரி, போட்டினம்தானே, அடுத்ததைக் காட்டன்" என்று தொலைக்காட்சியோடு சண்டை பிடிப்பேன். இப்படிப்பட்ட குணமுள்ள ஒருத்தியிடம் வீடியோ வெட்டுகிற வேலையைக் கொடுத்தால் என்ன நடக்கும்? இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் சிட்னியில் அதுதான் நடந்தது.

நகரத்தில் ஒரு பல்கலைக்கழகம். அங்கே ஓர் ஆஸ்திரேலியப் பேராசிரியை பல வருடங்களாக மொங்கோலியாவுக்குப் போய்வந்துகொண்டிருந்தார். தலைநகரமான உலான்பாத்தரின் ஓரத்துக் குன்றுகளில் வசிக்கும் குடும்பங்களுக்குச் சின்னச் சின்ன வீடியோக் கமராக்களைக் கொடுத்து, "நீங்கள் அன்றாடம் செய்கிறதை எடுத்து வையுங்கோ" என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். அவர்கள் எடுத்ததையெல்லாம் இணையத்தில் ஒரு காப்பகமாகச் சேர்க்க வேண்டும். உலகத்தில் எவரும் பார்க்கலாம். யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் எட்டு வருடம் பட்டியல் எழுதிய அனுபவத்தைச் சொல்லி, அந்தத் திட்டத்தில் ஒரு வருட வேலை வாங்கிவிட்டேன். கமரா கார்ட்களைக் கணினியில் ஏற்றி, ஒவ்வொரு துண்டையும் பார்த்து, முன்னும் பின்னும் தேவையில்லாததை வெட்டி, அதில் என்ன நடக்கிறது என்று இரண்டு வரி எழுதிப் பதிவேற்ற வேண்டும். மெரிலேண்ட்ஸில் இருந்த வீட்டிலிருந்து ரயிலில் போய், யன்னல் இல்லாத ஓர் அறையில் இருந்து, நாள் முழுக்க மொங்கோலியாவைப் பார்ப்பேன்.

குதிரையும் புல்வெளியும் வரும் என்று எதிர்பார்த்துத்தான் முதல் நாள் போனேன். முதல் துண்டில் ஒரு பெண் கம்பளத்துக்கு வாக்குவம் பிடித்தாள். இரண்டாவதில் ஒருத்தி வாஷிங் மெஷினுக்குள் வாளியால் தண்ணீர் அள்ளி ஊற்றினாள். வீட்டில் குழாய் இல்லை, ஆனால் மெஷின் இருக்கிறது. அதைப் பார்த்ததும் எனக்கு அந்த நாட்டின்மேல் ஒரு சொந்தம் வந்துவிட்டது. கம்பளிப் போர்வை சுற்றிய வட்டமான கூடார வீடு, அதைக் கெர் என்று சொல்வார்கள். அதற்கு வெளியே பலகை வேலி, கூரையில் புகைபோக்கி, பக்கத்தில் சற்றலைட் டிஷ். உள்ளே பிள்ளை வீட்டுப்பாடம் செய்யும், தாய் கொரிய நாடகம் பார்த்துக்கொண்டே இறைச்சிக் கொழுக்கட்டை பிடிப்பாள். "விழா வேண்டாம், எனக்குத் தேத்தண்ணி வேண்டும்" என்று பேராசிரியை அடிக்கடி சொல்வார். யாரும் எழுதிவைக்காத வாழ்க்கையே வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம்.

நான் வெட்டிய பிறகு அந்தத் துண்டுகள் பக்கத்துக் கதிரைக்குப் போகும். அதில் இருந்தவள் உலான்பாத்தர்ப் பெண். முப்பது வயதுகூட இருக்காது. இங்கே கணக்கியல் படிக்க வந்தவள், வாரத்தில் இரண்டு நாள் வந்து, ஆட்கள் பேசுவதைக் கேட்டு மொழிபெயர்ப்பாள். நாங்கள் இருவரும் பேசியது ஓட்டை ஆங்கிலம். ஆனால் என் நினைவில் அவள் எப்போதும் சுத்தமான யாழ்ப்பாணத் தமிழே பேசுகிறாள், அதை என்னால் மாற்ற முடியவில்லை. என்னை "எக்சே" என்று கூப்பிடுவாள். அக்கா என்று அர்த்தம். நான் அவளைப் பிள்ளை என்பேன். பேனையோ கோப்பையோ எதைத் தந்தாலும் வலது கையால் தந்து, இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிப் பிடிப்பாள். மரியாதையாம். முதல் வாரம் அவளுக்கு முழங்கை நோகிறது என்று நினைத்து நோவுக்குத் தடவுகிற ஓடிக்கொலோன் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதையும் அப்படியே முழங்கையைப் பிடித்தபடி வாங்கிக்கொண்டாள்.

பதினொரு மணிக்கு அவளுடைய பிளாஸ்க் திறபடும். பாலும் உப்பும் போட்ட தேத்தண்ணி. அந்த முதல் மிடறை விழுங்க நான் பட்ட பாடு! "பால் தேத்தண்ணிக்கு உப்புப் போடுற சனத்தை இப்பதான் பாக்கிறன்" என்றேன்.

"பால் இல்லாமல் உங்கட ஆக்கள் குடிக்கிற தேத்தண்ணியைவிட இது பரவாயில்லை" என்றாள்.

"நாங்கள் ஆசைக்கே பால் இல்லாமல் குடிச்சனாங்கள்? சண்டைக் காலத்தில பால்மா எங்க கிடைச்சது? நான் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்ட விடியக்காலைகூட வீட்டில எல்லாருக்கும் பிளேன்ரீதான்."

அதன் பிறகு என் கோப்பையில் கொஞ்சம் கூடவே ஊற்றுவாள். மூன்றாம் மாதம் நானே பதினொரு மணி எப்போது ஆகும் என்று கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டேன்.

அவள் ஒரு கேள்வியை மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். "எக்சே, எங்கட அக்கா வீட்டுக் கார்ட் வந்திட்டுதோ?" அவளுடைய அக்கா குடும்பத்துக்கும் ஒரு கமரா கொடுக்கப்பட்டிருந்தது. அந்தத் தொடர்பில்தான் பேராசிரியை இவளை வேலைக்கு எடுத்தார். வீட்டு நினைப்பு, வேறென்ன என்று நான் எண்ணினேன். "வரும், வரும், உன்ர அக்கா கொழுக்கட்டை பிடிக்கிறதைத்தான் பாக்கப்போறாய்" என்று பகிடி பண்ணுவேன். சிரிப்பாள். ஏன் கேட்கிறாள் என்று சொன்னதில்லை.

ஆகஸ்ட் மாதம் பேராசிரியை போய்வந்தபோது ஒரு பெட்டி நிறையக் கார்ட்கள் வந்தன. மூன்று கமராக்களில் ஒன்றரை வருடமாக எடுத்தவை. எனக்குக் குஷி. மளமளவென்று வெட்டினேன். என்னுடைய முறை எளிது: துண்டுக்கு முதலில் ஒரு தலைப்பு வைப்பேன், அந்தத் தலைப்பிலுள்ள காரியம் முடிந்ததும் வெட்டிவிடுவேன். "தண்ணீர் எடுத்தல்" என்றால் தண்ணீர்க் கான் நிரம்பியதும் வெட்டு. "சப்பாத்துத் துடைத்தல்" என்றால் சப்பாத்துத் துடைத்ததும் வெட்டு. சுவரில் பேராசிரியை ஒட்டிவைத்த தாள் ஒன்று இருந்தது. வெட்டுவதற்கு முன் மூலத்தை வேறொரு டிஸ்கில் பிரதி எடுத்து வைக்க வேண்டும் என்று அதில் முதல் வரியிலேயே எழுதியிருந்தது. தொடக்கத்தில் செய்தேன். பிறகு, ஒரே வேலையை இரண்டு தரம் செய்கிற மாதிரி இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். வெட்டியதை அதே பெயரில் சேமித்துவிடுவேன். கார்ட்களைத் துடைத்து ஓர் உறையில் போட்டு வைப்பேன், யாராவது உலான்பாத்தருக்குப் போகும்போது திரும்பப் போய்விடும். பெட்டி இரண்டு வாரத்தில் காலியானதைப் பார்த்துப் பேராசிரியையே வியந்துபோனார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் வந்து ஹெட்போனை மாட்டினாள். கொஞ்ச நேரத்தில் "எக்சே, அக்கா வீடு!" என்று கூவினாள். நானும் கதிரையை நகர்த்திக்கொண்டு போய்ப் பார்த்தேன். முற்றம். கமராவைத் தண்ணீர்ப் பீப்பாயின்மேல் வைத்திருக்கிறார்கள். ஒரு நீலக் கார். பெட்டிகளை ஏற்றுகிறார்கள். சிவப்புக் குளிரங்கி போட்ட ஒரு பெண் எல்லோரையும் கட்டிப்பிடித்துவிட்டு ஏறுகிறாள். அட, அது இவள்தான்! சிட்னிக்கு வெளிக்கிட்ட நாள். நான் வெட்டியபோது அடையாளம் பிடிக்கவே இல்லை. கார் வேலிப் படலையைத் தாண்டுகிறது, மூன்று தரம் ஹோர்ன் அடிக்கிறது. அதோடு துண்டு முடிந்தது.

திரும்பப் போட்டாள். பிறகு இன்னொரு தரம்.

"மிச்சம் எங்க எக்சே?"

"மிச்சமோ? கார் போட்டுதுதானே. பிறகு ஒண்டும் இல்லை."

"அம்மா?"

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. கார் போன பிறகு நாலைந்து நிமிடம் முற்றம் சும்மா கிடந்தது. படலைப் பக்கத்தில் ஒரு வயதான பெண்மணி வாளியிலிருந்து எதையோ அகப்பையால் அள்ளி அள்ளி வெளியே எறிந்துகொண்டிருந்தார். பாத்திரம் கழுவிய தண்ணீராக்கும் என்று நினைத்தேன். காரியம் முடிந்தது, வெட்டு. அதைக் கொஞ்சம் பெருமையோடு சொல்லியும்விட்டேன். "ஆரோ கழுவுதண்ணி ஊத்திக்கொண்டு நிண்டவை. அதை ஏன் உலகத்துக்குக் காட்டுவான் எண்டு வெட்டிப்போட்டன்."

அவள் கத்தவில்லை. ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சொன்னாள்.

"அது பால், எக்சே."

வீட்டை விட்டு ஒருவர் தூரப் பயணம் போனால், தாய் அவர் போன திசையில் பால் தெளிப்பாளாம். பாதை வெள்ளையாக, நல்லபடியாக இருக்கட்டும் என்று. அழுதுகொண்டு திரும்பிப் பார்க்கக் கூடாது என்று அக்கா சொல்லியிருந்தபடியால், காருக்குள் இவள் தலையைக் குனிந்துகொண்டு இருந்திருக்கிறாள். அதனால் அம்மா தெளித்ததை இவள் பார்க்கவில்லை. அடுத்த குளிர்காலத்தில் அம்மா இறந்துபோனார். விசாவைப் புதுப்பிக்கப் போட்டிருந்த நேரம். வெளியே போனால் திரும்பி வர முடியாது என்றார்கள், இவள் போகவில்லை. அக்கா தொலைபேசியில் ஒன்று மட்டும் சொல்லியிருக்கிறாள்: "அண்டைக்கு அம்மா பால் தெளிச்சது கமராவில இருக்கு. அது உன்னட்டத்தான் வரும், பார்." அந்த வீட்டில் கணினி இல்லை. கார்ட் நேரே எங்களிடம் வந்துவிட்டது.

அந்த நாலு நிமிடத்துக்காகத்தான் அவள் ஐந்து மாதமாகக் காத்திருந்தாள். அதைத்தான் நான் கழுவுதண்ணி என்று வெட்டி எறிந்திருந்தேன்.

"தேடிப் பாக்கிறன், எங்கையாவது இருக்கும்" என்றேன். பச்சைப் பொய். மூலம் இல்லை என்று எனக்குத் தெரியும். கார்ட்கள் போன வாரமே ஒரு மாணவரோடு உலான்பாத்தருக்குப் போய்விட்டன. சேர்வரில் வாராவாரம் எடுக்கும் பிரதிகூட நான் வெட்டியதன் பிரதிதான். ரயிலில் வரும்போது முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு வந்தேன். வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம். இரவு சாப்பாட்டில் மனுசனிடம் சொன்னேன். அவர் பிளாக்டவுனில் ஒரு பண்டகசாலையில் வேலை செய்கிறவர், பேச்சைச் சுற்றி வளைக்கத் தெரியாது. "நாளைக்குப் போன உடன சொல்லிப்போடு. பிந்தப் பிந்த அந்தப் பிள்ளை கிடைக்கும் கிடைக்கும் எண்டு இருக்கும்" என்றார்.

சொன்னேன், இருவரையும் ஒன்றாக இருத்தி வைத்து. பேராசிரியை சுவரிலிருந்த தாளை ஒரு தரம் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. அதைவிட நாலு வார்த்தை ஏசியிருக்கலாம். அவளோ "பரவாயில்லை எக்சே" என்றாள். அந்தப் "பரவாயில்லை"யில் ஒன்றுமே இல்லை. அதன் பிறகு பதினொரு மணிக்குப் பிளாஸ்க் திறபடவில்லை. வேலை செய்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள், மதியம் வெளியே போய்த் தனியே சாப்பிட்டாள். நான் என்னுடைய புட்டைப் பிசைந்துகொண்டு அந்த மூடின பிளாஸ்கைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு வாரம் கழித்துப் பேராசிரியையிடம் வேறு ஏதோ பேசும்போது, அந்த மூன்று கமராக்களையும் ஒரே ஒழுங்கையில் மூன்று வீடுகளுக்குக் கொடுத்ததாகச் சொன்னார். அப்போது எனக்குள் ஏதோ உறுத்தியது. அந்த ஹோர்ன். நீட்டி ஒன்று, குறுக்கி ஒன்று, திரும்ப நீட்டி ஒன்று. அதை நான் வேறெங்கோ கேட்டிருக்கிறேன். எங்கே?

திகதி வைத்துத் தேட முடியவில்லை. பக்கத்து வீட்டுக் கமராவில் யாரும் திகதி சரி பார்க்கவில்லை, எல்லாத் துண்டும் ஒரே ஜனவரி முதலாம் திகதியில் கிடந்தன. ஆகவே மதிய இடைவேளைகளில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். பார்க்கக்கூட இல்லை, கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். நிலக்கரி உடைக்கிற சத்தம், நாய் குரைக்கிற சத்தம், பிள்ளை வாய்ப்பாடு சொல்கிற சத்தம். ஒன்பதாம் நாள் நான் எழுதிய விபரம் ஒன்றே என்னைக் காட்டிக்கொடுத்தது: "சைக்கிள் ரியூப் ஒட்டுதல். பின்னணியில் வாகனச் சத்தம், இடைஞ்சல்."

நடுத்தர வயது மனிதர் ஒருவர் பலகை வேலியோரமாகக் குந்தியிருந்து ரியூபுக்கு ஒட்டுப் போடுகிறார். பதினொரு நிமிடம். கடைசி வரைக்கும் ஒட்டிக்கொண்டே இருந்தபடியால், என் முறைப்படி இதில் வெட்ட ஒன்றும் இருக்கவில்லை. ஆறாவது நிமிடத்தில் வேலிக்கு அந்தப் பக்கம் ஹோர்ன் அடித்தது. நீட்டி, குறுக்கி, நீட்டி. கொஞ்ச நேரத்தில் வேலிக்கு மேலே ஒரு கை வந்தது. கையில் ஓர் அகப்பை. வெள்ளையாக ஏதோ வெயிலில் சிதறியது. கை இறங்கியது, திரும்ப வந்தது. ரியூப் ஒட்டுகிற மனிதர் அண்ணாந்து பார்த்தார். கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு எழுந்து கொஞ்ச நேரம் நின்றார். பிறகு குந்தித் தன் வேலையைத் தொடர்ந்தார். அந்த மனிதருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லையே என்று நெஞ்சு சுட்டது.

அடுத்த நாள் அவள் வரும்வரை எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வந்ததும் ஹெட்போனை எடுத்து நீட்டினேன். என்னையறியாமல் என் இடது கை போய் வலது முழங்கையைப் பிடித்திருந்தது. அவள் அதைக் கவனித்தாள். வாங்கி மாட்டினாள்.

கை முதல் தரம் மேலே வந்ததும் அவள் திரையைத் தொட்டாள். "அது எங்கட அகப்பை. பிடி வெடிச்சுப் போக அப்பா கம்பி சுத்தினவர்" என்றாள். நானும் உற்றுப் பார்த்தேன். ஓம், பிடியில் ஏதோ மினுங்கியது. பிறகு அவள் விரலை மடித்து எண்ணத் தொடங்கினாள். எத்தனை தரம் தெளித்தார் என்பதை அல்ல, நிமிடத்தை. "இப்ப நாங்கள் கடையடி... இப்ப குன்று இறங்கியிருப்பம்... இப்ப மெயின் ரோட்." கை இன்னும் மேலே வந்துகொண்டிருந்தது. இடைவெளி கூடிக்கொண்டு போனது. கடைசி இரண்டு தரமும் அகப்பையிலிருந்து ஒன்றும் சிதறவில்லை. வாளியில் பால் முடிந்திருக்க வேண்டும். வெறும் அகப்பை மேலே வந்து போனது.

"மெயின் ரோட்டுக்குப் போனாப் பிறகும் நிண்டிருக்கிறா, எக்சே" என்றாள். அதற்குமேல் அவளால் முடியவில்லை. நானும் சேர்ந்து அழுதேன். பேராசிரியை கதவைத் திறந்து பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் மூடிக்கொண்டு போனார்.

பதினொரு மணிக்குப் பிளாஸ்க் திறபட்டது.

அந்த வாரமே பேராசிரியை அந்தப் பக்கத்து வீட்டு மனிதரிடம் தொலைபேசியில் அனுமதி வாங்கி, அவளுக்கு ஒரு பிரதி கொடுத்தார். காப்பகத்தின் விதியும் மாறியது. இனி ஒன்றையும் வெட்டுவதில்லை, சும்மா கிடக்கிற முற்றம் சும்மாவே கிடக்கட்டும். விபரத்தைத் திருத்தி எழுதச் சொல்லி என்னிடமே தந்தார். ஒரு பகல் முழுக்க மினைக்கெட்டு எழுதினேன்: "சைக்கிள் ரியூப் ஒட்டுதல். ஆறாவது நிமிடத்திலிருந்து, வேலிக்கு அந்தப் பக்கம், பயணம் போகும் மகளுக்காக ஒரு தாய் பால் தெளிக்கிறார்." இடைஞ்சல் என்ற சொல்லை எடுத்துவிட்டேன்.

அன்று வேலை முடிந்து வந்து, உடுப்புக்கூட மாற்றாமல் குசினிக் கதிரையில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். இத்தனை வருடத்தில் நான் கேட்காத கேள்வி.

"அம்மா, நான் வெளிக்கிட்ட அண்டைக்கு, என்னை ஏத்தின வான் போனாப் பிறகு நீங்கள் எவ்வளவு நேரம் கேற்றடியில நிண்டனீங்கள்?"

"இதென்ன விசர்க் கேள்வி? சுகமா இருக்கிறியோ?"

"சொல்லுங்கோவன்."

"நான் எங்க நிண்டன்? அடுப்பில பால் வச்சிருந்தனான். பொங்கி ஊத்தப்போகுது எண்டு அப்பவே உள்ளுக்கு ஓடிவந்திட்டன்."

"ஓம் அம்மா" என்றேன். வேறு கதை கொஞ்சம் கதைத்துவிட்டு வைத்தேன். அதன் பிறகு கனநேரம் அந்தக் கதிரையை விட்டு எழும்ப எனக்கு மனம் வரவில்லை.

நான் வெளிக்கிட்ட அன்று விடியக்காலை எங்கள் வீட்டில் பால் இருக்கவில்லை.